ஒட்டுப் போட்ட ஜீப்

அல்சூர் ஏரிக்குச் சமீபத்தில், பழைய மெட்ராஸ் ரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்கள் மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, இராணுவம் என்பது பத்திரிகையில் படித்தோ குடியரசு தின அணிவகுப்பில் பார்த்தோ தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமாக ஒருபோதும் இருந்ததில்லை. ஏரிப் பக்கத்திலேயே மதராஸ் ஸாப்பர்கள் என்ற இராணுவப் பொறியாளர் படையின் தலைமையிடம் இருக்கிறது. 1780-இல் பயனியர் கம்பெனிகளாகத் தோன்றி, 1834 முதல் பெங்களூரையே தன் வீடாகக் கொண்டுவிட்ட அந்தப் படையின் சிப்பாய்களை இந்திய இராணுவம் முழுவதும் இன்றைக்கும் ‘தம்பி’ என்றே வாஞ்சையோடு குறிப்பிடுகிறது. அல்சூரிலேயே 515 என்ற எண்ணைத் தாங்கிய இராணுவ பேஸ் ஒர்க்ஷாப்பும் இருக்கிறது. ஆகவே, யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் பாலம் போட்டவர், வெடி வைத்தவர், லேத்தில் நின்றவர், டைனமோ சுற்றியவர் என்று யாராவது ஒருவருடைய பேச்சு காதில் விழாமல் இராது.

எங்கள் பேட்டையின் பிறப்பே தண்டோடு, அதாவது கண்டோன்மென்டோடு, சம்பந்தப்பட்டது. நாக்ஸ்பேட்டை என்ற பெயரில் நெருக்கடியான குடிசைப் பிரதேசமாக இருந்த இடத்தை, சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷன் நிர்வாகத்தார் 1930-களில் உழைக்கும் மக்களுக்கான வீடுகளாகத் திருத்திக் கட்டி, அந்த வேலையை முன்னின்று நடத்திய பொறியாளரான மர்பி என்பவரின் பெயரை வைத்தார்கள். தண்டுக்கு வேலை செய்ய வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் புறப்பட்டு வந்த தமிழர்களின் சந்ததியாரே இன்றும் இங்கே பெரும்பாலோர். 1947 ஜூலையில் அந்த ஸ்டேஷன் மைசூர் சமஸ்தானத்தின் வசம் திரும்ப ஒப்படைக்கப்பட்ட பிறகும், வெள்ளைக்கார அதிகாரிகள் கப்பலேறிய பிறகும், இரும்போடும் யந்திரத்தோடும் எங்கள் ஜனங்களுக்கு இருந்த பரிச்சயம் மட்டும் போகவில்லை.

இவ்வளவு பீடிகை எதற்கு என்றால், இரண்டாம் உலக யுத்தகாலத்து ஜீப் ஒன்றை வாங்கி, இந்தச் சந்துக்குள் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளையும் சம்பாத்தியத்தில் ஒரு பங்கையும் அதற்குச் செலவழிப்பது ஏன் என்று சிநேகிதர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்கு வாய்வார்த்தையாகச் சொல்லி முடியாத பதிலை எழுதியாவது வைக்கலாம் என்ற எண்ணந்தான். கூடவே, இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபட்டிருக்கும் நண்பர்களோடு எனக்குள்ள ஓர் அபிப்பிராய பேதத்தையும் மனம் விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஜீப்பைப் பற்றி. அமெரிக்க இராணுவம் தன் படைகளுக்காகத் தேர்ந்தெடுத்த கால் டன் வண்டியை வில்லிஸ் கம்பெனி ‘எம்.பி.’ என்ற பெயரிலும், ஒரு கம்பெனியால் மட்டும் யுத்தத்தின் பசிக்கு ஈடுகொடுக்க இயலாது என்று கண்டபின் ஃபோர்டு கம்பெனி ‘ஜி.பி.டபிள்யூ.’ என்ற பெயரிலும், அதே வரைபடத்தை வைத்துக்கொண்டு, 1941 முதல் 1945 வரை 6 லட்சத்துக்கும் அதிகமாகச் செய்து தள்ளின. 80 அங்குல சக்கர இடைவெளி, நாலு சிலிண்டர், 134 கன அங்குலம், அதாவது 2.2 லிட்டர் யந்திரம், 60 குதிரைத் திறன், 6 வோல்ட் மின்சாரம், டிரைவரின் ஆசனத்துக்கு அடியிலேயே பெட்ரோல் டாங்கி. இவ்வளவுதான் அதன் லட்சணம். ஆனால் சிக்கனத்திலும் ஒரு மேதைமை உண்டு என்பதற்கு அதன் முகவிளக்குகளைக் காட்டலாம். ஒரு திருகைத் தளர்த்தினால் விளக்கு அப்படியே பின்புறம் மடிந்து, இருட்டில் யந்திரத்தின் மேலேயே வெளிச்சம் போடும். நடுக்காட்டில் பழுதுபார்க்கும் சிப்பாய்க்கு மூன்றாவது கை வேண்டியதில்லை. அந்த மடிப்பைக் கையால் அசைத்துப் பார்த்த எவரும் அதை வகுத்தவனை மனத்துக்குள் வணங்காமல் இருந்ததை நான் கண்டதில்லை.

யுத்தத்தின்போது இந்த வண்டிகள் கப்பல் கப்பலாக இந்தியாவுக்கு வந்து இறங்கின. இம்பால், கோஹிமா, பர்மா என்று எங்கே சேறும் மலையும் உண்டோ அங்கெல்லாம் போயின. பர்மாவில் ரப்பர்ச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு ரயில் சக்கரத்தை மாட்டித் தண்டவாளத்தின் மேலேயே ஓட்டினார்கள். நம்முடைய பெங்களூரும் அந்நாளில் ஒரு பெரும் பாசறையாகவே இருந்தது. 1940-இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலை, 1943-க்குப் பிறகு அமெரிக்க விமானப்படையின் பழுதுபார்க்கும் நிலையமாகவே மாறியது. ஜாலஹள்ளிப் பக்கத்தில் இத்தாலிய யுத்தக் கைதிகள் அடைபட்டிருந்தார்கள். யுத்தம் முடிந்ததும், திருப்பிக் கொண்டுபோகப் பிரயோஜனமில்லை என்று விடப்பட்ட லாரிகளும் ஜீப்புகளும் ஏலத்துக்கு வந்தன. ‘டிஸ்போஸல் வண்டி’ என்ற சொல் தமிழ்நாட்டிலும் மைசூரிலும் வீட்டுப் பேச்சாகவே ஆகிவிட்டது. குடகுக் காப்பித் தோட்டங்களிலும், சிக்கமகளூர் மலைச் சரிவிலும், மரக் கூப்புகளிலும், டூரிங் டாக்கீஸ் விளம்பரத்திலும், தேர்தல் பிரசாரத்திலும் அந்த ஜீப்புகள் உழைத்த உழைப்பு, யுத்தத்தில் உழைத்த நாலைந்து வருஷத்து உழைப்பைக் காட்டிலும் பன்மடங்கு பெரிது.

அதற்கப்புறந்தான் பம்பாயில் மகீந்திரா கம்பெனியார் வில்லிஸ் ஜீப்பைப் பாகம் பாகமாக வரவழைத்துப் பூட்டத் தொடங்கி, பின்னர் உள்நாட்டிலேயே செய்யலானார்கள். உயர்ந்த பானெட்டோடு நம் சிறுபிராயத்தில் போலீஸ் ஸ்டேஷன் வாசலிலும் தாலுகா ஆபீஸ் வாசலிலும் பார்த்தோமே, அந்த ‘சி.ஜே. 3பி’ வண்டியின் யந்திரம், பழைய யுத்தகால யந்திரத்தின் அதே 134 கன அங்குலக் கட்டையின் மேல் உள்ளிழுக்கும் வால்வுகளை மட்டும் தலைப்பக்கம் தூக்கி வைத்த அமைப்பு. பானெட் உயர்ந்ததற்கும் அதுவே காரணம். இந்த ரத்த பந்தத்தால் ஒரு பெரிய நன்மை விளைந்தது. உலகத்தின் வேறு பல இடங்களில் யுத்தகால ஜீப்புகள் உதிரி பாகமின்றிக் கிடந்து அழிந்த காலத்தில், இங்கே பெங்களூர் ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடையில் வாங்கிய மகீந்திரா சாமான் ஒன்று, லேத் பட்டறையில் சிறிது கடைந்து கொடுத்தால், 1943-ஆம் வருஷத்து வண்டியில் போய் ஒழுங்காக உட்கார்ந்துகொண்டது.

என்னிடம் இருக்கும் வண்டி குடகில் ஒரு தோட்டத்தில் நெடுங்காலம் உழைத்தது. அதன் பிறப்பை அறிய விரும்புகிறவன் கழுத்தை வளைத்து ரேடியேட்டருக்குக் கீழே பார்க்க வேண்டும். வில்லிஸ் வண்டியானால் அங்கே சேஸின் முன்குறுக்குக் கட்டை உருண்டைக் குழாயாக இருக்கும். ஃபோர்டு வண்டியானால் கவிழ்த்து வைத்த தகட்டு வாய்க்காலாக இருக்கும். என்னுடையது பின்னது. ஃபோர்டு கம்பெனியார் தம் கையால் செய்த பாகம் எது, பிறர் செய்த பாகம் எது என்று பின்னால் வழக்கு வரக்கூடாதென்று நினைத்தார்களோ என்னவோ, ஏறக்குறைய ஒவ்வொரு பாகத்திலும், போல்ட்டின் தலையில்கூட, தம் பெயரின் முதல் எழுத்தைப் பொறித்துவிட்டார்கள். எண்ணெயும் மண்ணும் சேர்ந்து கல்லாய் இறுகிப்போன அழுக்கைக் கம்பிப் பிரஷால் சுரண்டிக்கொண்டே வரும்போது, அடியிலிருந்து அந்த வளைந்த எழுத்து மெல்ல மேலே வருகிறது பாருங்கள், அந்தச் சந்தோஷத்துக்காக முழங்கால் வலியை எத்தனை நாளும் பொறுத்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்த வண்டி முழுக்க முழுக்க ஃபோர்டு வண்டி அல்ல. யந்திரம் பிற்காலத்து மகீந்திராவினுடையது. 6 வோல்ட் என்றைக்கோ 12 ஆகிவிட்டது. பின்பக்கத்து வில்லுப்பட்டைகளில் ஒன்று, ஏதோ ஒரு கொல்லுப்பட்டறையில் அடித்துச் செய்தது. சுத்தியலின் தடம் அதன்மேல் வரிசையாக விழுந்திருக்கிறது. கியர் பாக்ஸின் கூட்டில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல் இருந்து, அதைப் பித்தளை வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள்; சாம்பல் நிற வார்ப்பிரும்பின் நடுவே அந்தப் பொன்னிறக் கோடு, இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஒரு சொட்டு எண்ணெய் கசியவிடாமல் நிற்கிறது. எல்லாவற்றையும்விட என்னைக் கவர்ந்தது, பின் ஆசனத்துக்கு அடியில் தரைத்தகட்டில் போட்டிருக்கும் ஒட்டு. துருப்பிடித்து ஓட்டையான இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்துவிட்டு, எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றின் தகட்டை அளவெடுத்து வெட்டி, ரிவெட் அடித்து மூடியிருக்கிறார்கள். பீப்பாயில் அச்சழுத்தியிருந்த எழுத்துக்களில் சில இன்னமும் தலைகீழாகத் தெரிகின்றன. ரிவெட்டுகள் ஒன்றுக்கொன்று சம தூரத்தில், நூல் பிடித்தாற்போல் இருக்கின்றன. யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்த இடத்திலே அந்த மனிதர் இவ்வளவு ஒழுங்கோடு வேலை செய்திருக்கிறார்.

அபிப்பிராய பேதம் என்றேனே, அது இந்த ஒட்டிலிருந்துதான் தொடங்குகிறது. இந்தத் துறையில் ஆழ்ந்த ஞானமுடைய நண்பர்கள், என் வண்டி 1944-இல் தொழிற்சாலை வாசலைத் தாண்டிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்க வேண்டும், அதற்குப் பின் ஏற்பட்ட மாறுதல் அனைத்தும் களங்கம் என்று சொல்லுகிறார்கள். அவர்கள் சிரத்தையை நான் மதிக்கிறேன். சரியான போல்ட்டுக்காகக் கடல் கடந்து கடிதம் எழுதிக் காத்திருக்கும் பொறுமை எளிதில் வருவதல்ல. ஆயினும் அந்தக் கொள்கையின்படி நடந்தால் என்ன ஆகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஒரு நாள் அந்த வண்டியைப் பூட்டியவர்களுடைய வேலை மட்டும் சரித்திரமாகிறது. அதற்குப் பிந்தைய அறுபது எழுபது வருஷ காலம் அதைச் சாகவிடாமல் காத்த கொல்லர், டிங்கர், லேத்துக்காரர், மேஸ்திரி ஆகிய எங்கள் ஜனங்களுடைய வேலையெல்லாம் குப்பையாகி, காயலான் கடைக்குப் போய்விடுகிறது. அமெரிக்கத் தொழிலாளியின் கைவேலைக்குப் புத்தகமும் வரைபடமும் புகைப்படமும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பீப்பாய்த் தகட்டை வெட்டி ரிவெட் அடித்தவருக்கு அந்த ஒட்டைத் தவிர வேறு சாட்சியம் உலகத்தில் எதுவும் இல்லை.

பழுதுபார்த்தலும் சரித்திரந்தான் என்பதே என் கட்சி.

இது நம் ஊர்க்காரனின் பிடிவாதம் மட்டுமல்ல. இங்கிலாந்தில் டார்செட் மாகாணத்துப் போவிங்டன் என்ற ஊரில் உள்ள டாங்கிக் காட்சிசாலையில் ‘டைகர் 131’ என்று பிரசித்தி பெற்ற ஜெர்மன் டாங்கி இருக்கிறது. 1943 ஏப்ரலில் டுனீஷியாவில் பிரிட்டிஷ் படையிடம் அகப்பட்ட அதை, 1990-இல் தொடங்கி பல வருஷம் பாடுபட்டு ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். அது உறுமிக்கொண்டு ஓடுவதைக் காண உலகின் பல பாகங்களிலிருந்தும் ஜனங்கள் திரளுகிறார்கள். ஆனால் அதன் சொந்த யந்திரத்தை, பாடம் நடத்துவதற்காகக் குறுக்கே அறுத்துக் காட்சிக்கு வைத்துவிட்டபடியால், ‘டைகர் II’ டாங்கி ஒன்றின் யந்திரத்தை வைத்துத்தான் இதை ஓட்ட முடிந்தது. அதை மறைக்காமல் ஏட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். எதை மாற்றினோம், எப்போது மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று பதிவுசெய்வதுதான் நேர்மை; மாற்றமே நிகழாததுபோல் மினுக்கிக் காட்டுவதல்ல.

நம் தஞ்சாவூரில் கோட்டையின் கிழக்கே பீரங்கி மேட்டில் கிடக்கும் ராஜகோபால பீரங்கியைப் பார்த்தவர்களுக்கு இதை இன்னும் சுலபமாக விளக்கலாம். இரகுநாத நாயக்கர் காலத்தில், ஏறக்குறைய 1620-இல் செய்யப்பட்டதாகச் சொல்லப்படும் அது, சுமார் 25 அடி நீளமும் 22 டன் எடையும் உள்ளது. வார்த்து எடுத்ததல்ல, நீண்ட இரும்புப் பட்டைகளைக் குழல்போல் வரிசையாக அடுக்கி, பழுக்கக் காய்ச்சிய வளையங்களை மேலே ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றி, சம்மட்டியால் அடித்து ஒன்றாக்கியது. வளையங்களின் விளிம்பு, பட்டைகள் சேரும் இடம், அடி விழுந்த தடம் எல்லாம் கண்ணுக்குத் தெரிகின்றன. வெயிலிலும் மழையிலும் நானூறு வருஷம் கிடந்தும் அது அரிக்கப்படாமல் இருப்பதற்கு, அதன் மேனியில் தானாகவே இறுகிப் படிந்திருக்கும் கரும்படலமே ஒரு காரணம் என்று உலோக நிபுணர்கள் கண்டிருக்கிறார்கள். பளபளப்பாக இருக்கட்டும் என்று யாராவது அதைத் தேய்த்துவிட்டால், அழகும் போகும், கவசமும் போகும். பீரங்கிக்கு நாம் கொடுக்கும் அந்த மரியாதையை ஜீப்புக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும்?

மண்ணுக்குள்ளிருந்து எடுத்த இரும்போ இன்னும் நுட்பமான கவனிப்பைக் கேட்பது. 2018-இல் சிவமொக்கா ஜில்லாவில் பிதனூர் நகரத்தின் பாழ்ங்கிணறு ஒன்றைத் தூர் வாரியபோது, ஹைதர், திப்பு காலத்து இராக்கெட்டுகள் ஆயிரத்துக்கும் மேல் அகப்பட்டன. பெங்களூரிலும் மெட்ரோ ரயிலுக்காகப் பழைய கோட்டைப் பக்கம் தோண்டியபோது பீரங்கி கிடைத்தது. இத்தகைய இரும்பின் துளைகளுக்குள் மண்ணிலிருந்து உப்பு ஊறிப்போயிருக்கும். வெளியே எடுத்துக் காயவிட்டவுடன் அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து, துரு அப்பளம்போல் உப்பி, ஏடு ஏடாகக் கழன்று விழத் தொடங்கிவிடும். காரக் கரைசலில் மாதக்கணக்கில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி, உப்பு முற்றிலும் இறங்கியதென்று சோதித்தறிந்த பிறகே உலர்த்தி, டானிக் அமிலம் தடவி, மெழுகு பூசி வைக்க வேண்டும். ஆர்வத்தால் உடனே கம்பிப் பிரஷை எடுப்பவர் அந்தப் பொருளுக்குச் சத்துருவாகிவிடுகிறார். தவிரவும், நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருள் 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. தனி மனிதர் ஒருவர் நினைத்தபடி வைத்துக்கொள்ளக்கூடியதல்ல.

பீரங்கி சேகரிக்க ஆசைப்படும் இளைஞர்களுக்கும் இங்கேயே ஒரு வார்த்தை. மேல்நாடுகளில் செயலிழக்கச் செய்த பீரங்கிகளைத் தனியார் வீட்டில் வைத்திருப்பதைப் படங்களில் பார்த்துவிட்டு நம் நாட்டிலும் அப்படிச் செய்யலாமென்று எண்ணிவிடக் கூடாது. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி பீரங்கி தடைசெய்யப்பட்ட ஆயுதம். சேவையிலிருந்து ஓய்வு பெற்ற பீரங்கிகளும் டாங்கிகளும் காட்சிசாலை, கல்லூரி, நகராட்சி ஆகிய ஸ்தாபனங்களுக்கு இராணுவத்தாராலேயே வழங்கப்படுகின்றன. அகில்யாநகர் என்று இப்போது பெயர் மாறியிருக்கும் அகமத்நகரில், கவசப்படையினர் 1994-இல் தொடங்கிய டாங்கிக் காட்சிசாலை ஒன்று உண்டு; முதல் உலக யுத்தத்தை அடுத்த காலத்து ரோல்ஸ் ராய்ஸ் கவச மோட்டார் முதல், நம் படை எதிரியிடமிருந்து கைப்பற்றிய பாட்டன் டாங்கிகள் வரை ஒரே இடத்தில் காணலாம். இந்த விருப்பமுள்ள எவரும் ஆயுளில் ஒரு முறையாவது அங்கே போய்வர வேண்டும்.

ஆனால் நாற்சந்திகளிலும் வாயில்களிலும் மேடை கட்டி நிறுத்தியிருக்கும் டாங்கிகளைக் காணும்போது என் மனம் மிகவும் வேதனைப்படுகிறது. 1965 முதல் நம் ஆவடியில் தமிழ்த் தொழிலாளர்கள் கையால் உருவான விஜயந்தா டாங்கிகள் அநேகம் இப்படி நிற்கின்றன. ஒவ்வொரு விழாவுக்கும் முன்னால் பழைய பெயிண்டின் மேலேயே இன்னொரு பூச்சு, அதுவும் மினுமினுக்கும் எனாமல் பூச்சு, அடித்துவிடுகிறார்கள். எண்கள் பொறித்த தகடும் அந்தப் பூச்சுக்குள் மறைந்துபோகிறது. மேல்மூடியின் ரப்பர் உளுத்து, மழைநீர் உள்ளே இறங்கி, வெளியேற வழியில்லாமல் தேங்கி, வெளிப்பார்வைக்குப் புதுமாப்பிள்ளையாய்த் தோன்றும் டாங்கி உள்ளுக்குள்ளே மக்கிக்கொண்டிருக்கிறது. அடியில் நீர் வடியத் துளைகளைத் திறந்துவிடுவது, மூடிகளுக்குப் புது ரப்பர் போடுவது, வருஷத்துக்கொரு தடவை உள்ளே இறங்கிப் பார்ப்பது, மேலே ஒரு கூரை போடுவது. இவை பெயிண்டைவிட அதிகச் செலவு பிடிக்கும் காரியங்களும் அல்ல. ஆவடியிலே அதை வார்த்தும் கடைந்தும் பொருத்தியும் ஓய்வு பெற்ற மனிதர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களைக் கூட்டிவந்து காட்டி யோசனை கேட்டால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

மீண்டும் ஜீப்புக்கு வருகிறேன். நிறத்தைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. யுத்தகால ஜீப்புக்கு இயல்பான நிறம் ஆலிவ் பச்சை என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால் 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஆவது விதி, பாதுகாப்புத் துறையின் வாகனம் அல்லாத எந்த மோட்டார் வாகனத்துக்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்று சொல்லுகிறது. இராணுவ வண்டி என்று எண்ணி எவரும் ஏமாறக் கூடாதென்ற நியாயமான காரணத்துக்காக ஏற்பட்ட விதி அது. அதை நான் குறை சொல்லமாட்டேன். அந்த விதியே எனக்கு ஓர் ஆராய்ச்சிக்கு வழிசெய்தது. தண்ணீர் எமரித் தாளை வைத்து டாஷ்போர்டின் ஓரத்தில் ஒரு சாணகலத்துக்கு மெல்ல மெல்லத் தேய்த்துக்கொண்டே போனேன். மேலே தோட்டத்து நீலம். அதற்குக் கீழே மங்கிய காவி. அதற்குக் கீழே பட்டி. அதற்குக் கீழே ஓர் அடர் பச்சை. அதற்கும் கீழே மாட்டுச் சாணத்தின் நிறத்தில், ஒளியே இல்லாத அந்த முதல் அமெரிக்கப் பச்சை. பானெட்டின் பக்கத்தில் இதுபோலத் தேய்த்தபோது, பச்சைக்கும் காவிக்கும் நடுவே மேல்நோக்கிய ஓர் அம்புக்குறியின் வெள்ளைக் கோடு வெளிப்பட்டது. இராணுவ வண்டிகளின் எண்ணுக்கு முன்னால் வருகின்ற அம்பு அது. ஆக, யுத்தத்துக்குப் பின் உடனே ஏலம் போகாமல், நம் சுதந்திர இந்தியாவின் சேனையிலும் இது சில காலம் சேவகம் செய்திருக்க வேண்டும் என்று ஊகிக்க இடமிருக்கிறது.

தேய்த்த அந்தச் சதுரத்தின் மேல் பெயிண்ட் படவிடவில்லை. நிறமற்ற வார்னிஷ் மட்டும் பூசி விட்டிருக்கிறேன். வண்டியின் மற்ற பாகத்துக்குத் தோட்டத்து நீலந்தான். பழைய வண்டிகளின் ஊர்வலங்களுக்குப் போகும்போது, பச்சை இல்லையே என்று முகம் சுளிப்பவர்களை அந்தச் சதுரத்தண்டை அழைத்துப் போய்க் காட்டினால், பெரும்பாலோர் வெகு நேரம் குனிந்து பார்த்துவிட்டு, கேள்வி மேல் கேள்வி கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

சட்டத்தில் மற்றொரு சிக்கலும் இருக்கிறது. 2021-இல் ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளைப் ‘புராதன வாகனம்’ என்று தனியே பதிவுசெய்ய மத்திய அரசாங்கம் விதி வகுத்தது, எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துக்கள் வரும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், பத்து வருஷத்துக்குச் செல்லும், கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் பழுதுபார்க்கவும் பெட்ரோல் போடவும் ஓட்டலாமே தவிர அன்றாட உபயோகத்துக்கோ வியாபாரத்துக்கோ கூடாது. வரவேற்க வேண்டிய ஏற்பாடு. ஆனால் சேஸ், உடற்கூடு, யந்திரம் ஆகியவற்றில் மாறுதல் செய்யாமல் மூல வடிவிலேயே இருக்க வேண்டும் என்றும் அவ்விதி கேட்கிறது. பெட்ரோல் விலைக்குப் பயந்து டீசல் யந்திரம் மாட்டப்பட்ட ஜீப்புகள் நம் நாட்டில் எத்தனை எத்தனை! மகீந்திரா யந்திரம் பூண்ட ஃபோர்டுகள் எத்தனை! தொழிற்சாலைச் சுத்தத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால், இந்திய ஜீப்பின் உண்மையான சரித்திரத்தைத் தாங்கி நிற்கும் வண்டிகளே வாசலுக்கு வெளியே நின்றுபோகும். குறிப்பிட்ட காலத்துக்கு முன் செய்யப்பட்டு, ஆதாரத்தோடு பதிவான மாறுதல்களை ஒப்புக்கொள்ளும் விதமாக அந்த விதி திருத்தப்பட வேண்டும் என்பது என் தாழ்மையான, ஆனால் உறுதியான அபிப்பிராயம்.

இனி, என் வண்டியைக் கவனித்துக்கொள்ளும் மேஸ்திரியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எழுபதைக் கடந்தவர். தகப்பனார் இராணுவ ஒர்க்ஷாப்பில் பிட்டராக இருந்தவர். ஜோகுபாளையத்துப் பக்கம் ஒரு மரத்தடியில் தகரக் கொட்டகைதான் பட்டறை. ஹெட்டைக் கழற்றி வால்வு கிரைண்டிங் செய்யும் நாளில் அவர் யாரோடும் அதிகம் பேசமாட்டார். வால்வின் முகத்தில் பேஸ்ட்டைக் குன்றிமணி அளவு தடவி, ரப்பர்க் குமிழ் வைத்த குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே தயிர் கடைவதுபோல் முன்னும் பின்னும் உருட்டுவார். முதலில் கரகரவென்று சத்தம் வரும்; போகப் போக அது மெலிந்து, பட்டுத் துணி உரசும் ஓசையாகிவிடும். அப்போது நிறுத்தி, வால்வைத் தூக்கி, சுற்றிலும் ஒரே அகலத்தில் சாம்பல் நிற வளையம் விழுந்திருக்கிறதா என்று சூரிய வெளிச்சத்தில் பார்ப்பார். பிறகு துடைத்து, உட்காரவைத்து, மேலே மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். திரும்பி வரும்போது ஒரு சொட்டும் இறங்கியிராது.

கியர் பாக்ஸின் பித்தளைக் கோட்டை அவருக்குக் காட்டி, புதுக் கூடு வாங்கி மாற்றிவிடலாமா என்று கேட்டேன். விரலால் அதைத் தடவிப் பார்த்தார்.

“எதுக்குத் தம்பி மாத்தணும்? இத பத்தவெச்சவன் கரியடுப்புல முழு கூட்டையும் நிதானமா சூடேத்தி, நிதானமா ஆறவிட்டிருக்கான். அவசரப்பட்டிருந்தா பக்கத்துலயே இன்னொரு வெடிப்பு உட்டிருக்கும். இப்ப இந்த வேலைய யார் செய்யப்போறா? அப்படியே இருக்கட்டும், நம்ம பசங்க பாத்துக் கத்துக்கட்டும்.”

“உங்களுக்குத் தெரியுமா மேஸ்திரி, இந்த வேலை?”

“எங்க நைனாவுக்குத் தெரியும். நான் பக்கத்துல நின்னு துருத்தி ஊதியிருக்கேன்.”

வார்ப்பிரும்பை அப்படி மெதுவாகச் சூடாக்கி, பற்றவைத்தபின் சாம்பலுக்குள் புதைத்து ஓர் இரவு முழுவதும் ஆறவிட வேண்டும் என்ற முறையை அவர் எனக்கு விவரித்தார். எத்தனை கரி, எந்த நிறம் வரும்வரை சூடு, பித்தளைக் கம்பியை எப்போது தொட வேண்டும், வெண்காரம் எவ்வளவு என்றெல்லாம் அவர் சொன்னதை அன்றே எழுதிக்கொண்டேன். நான் பார்த்த ஜீப் கையேடுகளில் அது இல்லை. அங்கே உடைந்தால் புதியது போடு என்றுதான் இருக்கும். புதியது கிடைக்காத நாட்டில் யந்திரங்களை உயிரோடு வைத்திருந்த வித்தையை எங்கள் பக்கத்து மனிதர்கள் தலைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே வண்டிக்கென்று ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு பக்கம்; எங்கே எப்போது செய்தது, மாற்றியது யார், ஊகமானால் ஊகம் என்றே குறிப்பு, கழற்றுவதற்கு முன்னும் பின்னும் புகைப்படம். கழற்றிய எதையும், தேய்ந்துபோன புஷ்ஷானாலும் சரி, சீட்டுக் கட்டி டப்பாவில் போட்டு வைக்கிறேன். புதிதாகச் செய்துபோட்ட பாகத்தின் மறைவான முகத்தில் வருஷத்தைச் சிறு எழுத்தில் வெட்டிவிடச் சொல்கிறேன். பின்னால் வருகிறவர் அதை 1944 என்று எண்ணிவிடலாகாது.

உங்கள் வீட்டிலும் பாட்டனாரோ தகப்பனாரோ இராணுவ ஒர்க்ஷாப்பிலோ ஸாப்பர் படையிலோ ஆவடியிலோ வேலை செய்தவராக இருந்தால், பரண்மேல் கிடக்கும் பழைய கையேடு, அளவுக் கருவி, வேலைப் பாஸ், குழுப் புகைப்படம், எண்ணெய்க் கறை படிந்த குறிப்பு நோட்டு எதையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கொடுத்துவிட வேண்டாம், நகலெடுத்துக்கொள்ள அனுமதித்தால் போதும், நானே வந்து எடுத்துக்கொண்டு போகிறேன். பெரியவர்கள் இருந்தால் பேசவும் ஆசை. பித்தளைப் பற்று வேலையைத் தம் கையால் செய்தவர் பெங்களூரிலோ கோலார் தங்கவயல் பக்கத்திலோ யாரேனும் இருப்பதாக உங்களுக்குத் தெரிந்தால், அதை முதலில் சொல்லுங்கள். மேஸ்திரி கரியடுப்பைக் கட்டித் தரத் தயாராக இருக்கிறார். விரிசல் விட்ட பழைய கூடு ஒன்றையும் காயலான் கடையில் தேடி வாங்கி வைத்திருக்கிறோம்.